முதியவர்களின் வீடுகள் விற்பனைக்கு வந்தால் வட சென்னையில் விலை இறங்குமா?

தண்டையார்பேட்டை வாடகைவாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில் இரண்டு படுக்கையறை கொண்ட வீடொன்றில் மாதம் 16,000 ரூபாய் வாடகைக்குக் குடியிருக்கிறேன். அலுவலகம் கிண்டியில் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்ட பிறகு ஒரே ரயிலில் போய்வர முடிகிறது. ஆகவே இந்தப் பக்கத்தை விட்டுப் போகும் எண்ணம் எனக்கில்லை. கொளத்தூரிலோ புது வண்ணாரப்பேட்டையிலோ 900 சதுர அடி அளவில் ஓர் அடுக்ககம் வாங்கலாம் என்று விசாரித்ததில், எனக்குப் பிடித்தவையெல்லாம் 65 லட்சத்தை ஒட்டியே இருக்கின்றன.

என் மைத்துனர், இப்போது வாங்குவது புத்திசாலித்தனம் அன்று என்கிறார். எங்கள் தெருவில் சொந்த வீட்டுக்காரர்களில் பெரும்பாலோர் 65 வயதைக் கடந்தவர்கள். துறைமுகத்திலும் பெரம்பூர் ரயில்வே பணிமனையிலும் பின்னி ஆலையிலும் வேலை பார்த்து, மாடி மேல் மாடியாகக் கட்டி எழுப்பியவர்கள். அவர்களுடைய பிள்ளைகளோ சோழிங்கநல்லூரிலும் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று அல்லது இரண்டு பிள்ளைகள்தாம். திருமணமான ஒரு தம்பதிக்குக் கணவன் வழியில் ஒரு வீடும் மனைவி வழியில் ஒரு வீடும் வந்து சேரும். இன்னும் பதினைந்து ஆண்டுகளில் விற்பவர்கள் பெருகி, வாங்குபவர்கள் குறைந்து, விலை சரியத்தான் போகிறது, அதுவரை வாடகையிலேயே இரு என்பது அவருடைய வாதம். கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. இந்தப் பகுதியையும் இந்தத் தொழிலையும் அறிந்தவர்கள் தங்கள் கருத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பெரம்பூர் பழைய வங்கிக்காரன்:

தம்பி, உங்கள் மைத்துனர் சுட்டும் போக்கு உண்மையானது. அதன் கால அளவைத்தான் அவர் மிகவும் சுருக்கிவிட்டார். நான் பணிக்காலத்தின் பெரும்பகுதியை வீட்டுக்கடன் பிரிவில் கழித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குப் பிறக்கும் பிள்ளைகளின் சராசரி எண்ணிக்கை 2000ஆம் ஆண்டு வாக்கிலேயே 2.1 என்ற, மக்கள்தொகை குறையாமல் ஈடுகட்டும் அளவுக்கு இறங்கிவிட்டது. 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் அது 1.4. அறுபது வயதைக் கடந்தவர்கள் 2021இல் மாநில மக்கள்தொகையில் 13.6 சதவீதம் என்றும், 2031இல் 18.2 சதவீதமாக உயர்வார்கள் என்றும் மத்திய அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு கணித்திருக்கிறது. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். ஆகவே, முதியவர்கள் விட்டுச் செல்லும் வீடுகளுக்கு உள்ளூரில் பிறந்த இளையவர்கள் போதாத ஒரு காலம் வரும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் முதுமை வீட்டுச் சந்தையில் இரண்டு கட்டமாக வேலை செய்கிறது. முதற்கட்டத்தில் அது வீட்டின் தேவையைக் கூட்டுகிறதே தவிரக் குறைப்பதில்லை. முன்பு ஒரே கூரையின் கீழ் பாட்டன், பாட்டி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று வாழ்ந்த குடும்பம் இன்று இரண்டு வீடுகளை அடைத்துக்கொண்டிருக்கிறது. பெற்றோர் பெரம்பூரில், மகன் பெரும்பாக்கத்தில். கணவர் மறைந்த பின்னும் மனைவி அதே வீட்டில் தனியாகப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் இருக்கிறார். அறுபதைத் தொட்ட ஒருவர் நம் நாட்டில் சராசரியாக மேலும் ஏறத்தாழ 18 ஆண்டுகள் வாழ்கிறார் என்றால், இன்று 65 வயதில் உள்ள உங்கள் தெருக்காரரின் வீடு 2040க்கு முன் காலியாகும் என்று எதிர்பார்க்க முகாந்திரமில்லை. வீடுகள் காலியாகி விற்பனைக்கு வரும் அந்த இரண்டாம் கட்டம் வருவதற்குள் உங்கள் கடனின் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

இந்தக் கணக்கைப் போட்டு ஏமாந்தவர்கள் பெரிய அறிஞர்களும்தாம். 1989இல் கிரெகரி மேன்கியூ, டேவிட் வைல் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளியலாளர்கள், போருக்குப் பின் பிறந்த பெருந்தலைமுறை வீடு வாங்கி முடித்துவிட்டதால் 2007க்குள் அமெரிக்க வீட்டு விலை, பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால், 47 சதவீதம் வரை வீழும் என்று கணித்தார்கள். நடந்ததோ நேர்மாறு: 1990களின் பிற்பகுதியிலிருந்து 2006 வரை அங்கே விலை ஏறிக்கொண்டே போனது. பிறகு வந்த வீழ்ச்சிக்கும் காரணம் கடன் கொடுத்த முறைதானே ஒழிய மக்களின் வயதன்று. சென்னையிலேயே 2014க்குப் பிறகு சில ஆண்டுகள் விலை அசையாமல் நின்றதை நாம் பார்த்தோம். 2015 வெள்ளம், 2016 பணமதிப்பிழப்பு, 2017இல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறையும் ஜிஎஸ்டியும் என்று அதற்குப் பல காரணங்கள் சொன்னார்கள். அந்தப் பட்டியலில் முதுமையை யாரும் சேர்க்கவில்லை.

வட சென்னைக்கென்று இன்னொன்று சொல்ல வேண்டும். இங்கே வீட்டு விலையைத் தாங்கி நின்றது வேலைதான். 1996இல் பின்னி ஆலை மூடப்பட்ட பிறகு, ஆலையை நம்பி வீடு கட்டியவர்களின் பிள்ளைகள் தெற்கே போனார்கள். இன்று அந்த ஆலை நிலத்தில் அடுக்குமாடிக் கோபுரங்கள் எழுகின்றன. நீங்கள் கிண்டிக்கு ஒரே ரயிலில் போகிறீர்கள் அல்லவா, அந்த வசதிக்காக உங்களைப் போன்றவர்கள் எத்தனை பேர் வடக்கே வருகிறார்கள் என்பதுதான் அடுத்த பத்தாண்டு விலையைத் தீர்மானிக்கும். மாதவரத்திலிருந்து புறப்படும் இரண்டாம் கட்ட மெட்ரோவின் ஒரு தடம் மூலக்கடை, பெரம்பூர் வழியாகவும், இன்னொன்று ரெட்டேரி, கொளத்தூர், வில்லிவாக்கம் வழியாகவும் போகிறது. கொளத்தூரில் நீங்கள் கேள்விப்பட்ட விலையில் அதுவும் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது.

கடைசியாக, வாங்குவதா காத்திருப்பதா என்பதற்கு முதியவர்களைப் பார்க்க வேண்டாம், உங்கள் மாதக் கணக்கைப் பாருங்கள். 50 லட்சம் கடனுக்கு 8.5 சதவீத வட்டியில் இருபது ஆண்டுத் தவணை 43,000 ரூபாயைத் தாண்டும். முதல் மாதத் தவணையில் வட்டி மட்டுமே 35,000க்கு மேல், அதாவது உங்கள் வாடகையைப் போல் இரண்டு மடங்கு. வித்தியாசத்தைத் தவறாமல் சேமிக்கும் கட்டுப்பாடு உங்களிடம் இருந்தால், விலை இறங்காவிட்டாலும்கூட வாடகையில் இருப்பது நட்டமன்று. அந்தக் கட்டுப்பாடு உள்ளவர்களை நான் வங்கியில் அதிகம் கண்டதில்லை என்பது வேறு விஷயம்.

திருவொற்றியூர்க்காரி:

பெரியவர் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் விலை இறங்குவது 2040இல் வரப்போகும் செய்தி என்பதை நான் ஒப்பமாட்டேன். ஒரு வகை வீட்டுக்கு அது இப்போதே வந்துவிட்டது.

என் பெற்றோரின் அடுக்ககம் 1990களின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. மூன்றாவது மாடி, 620 சதுர அடி, லிஃப்ட் இல்லை, கட்டடம் நிற்கும் மனையில் எங்கள் வீட்டுக்குரிய பிரிக்கப்படாத பங்கு 210 சதுர அடி. அம்மாவுக்கு மூட்டுவலி வந்த பிறகு மாடியேற முடியாமல், அதை விற்றுவிட்டுத் தரைத்தளத்தில் ஒன்று வாங்கலாம் என்று முயன்றோம். பக்கத்துத் தெருவில் புதிய கட்டடத்தில் சதுர அடி 7,000 ரூபாய்க்குப் போகிறது. எங்கள் வீட்டைப் பார்க்க வந்தவர்கள் 4,000க்கு மேல் வாயைத் திறக்கவில்லை. ஒருவர் முன்பணம் கொடுக்கும் அளவுக்கு வந்தார். கட்டடத்தின் வயதைக் காட்டி அவருடைய வங்கி கடனை மறுத்துவிட்டது. கடன் கிடைக்காத வீட்டைக் கையில் முழுப் பணம் வைத்திருப்பவர்தான் வாங்க முடியும், முழுப் பணம் வைத்திருப்பவர் லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்கு ஏன் வருகிறார்?

கடற்காற்று எங்கள் பகுதிக் கட்டடங்களை என்ன பாடுபடுத்துகிறது என்பது இங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். உட்கூரையில் முதலில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடும். அடுத்த மழைக்காலத்தில் அதன் ஓரம் காவி நிறமாகும். பிறகு ஒரு நாள் கான்கிரீட் பத்தையாகப் பெயர்ந்து விழுந்து, பருத்து உரிந்த கம்பி வெளியே தெரியும். எங்கள் கூடத்தில் மின்விசிறிக் கொக்கியைச் சுற்றி அப்படித்தான் ஆனது. 2021 டிசம்பரில் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் அரசு அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒரு தொகுதி இடிந்து விழுந்ததற்குப் பிறகு, பழைய கட்டடம் என்றாலே வாங்குபவர்கள் மேலே அண்ணாந்து பார்க்கிறார்கள்.

இடித்துக் கட்டலாமே என்பீர்கள். 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024இல் நடைமுறைக்கு வந்த பிறகு, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்பினால் மறுகட்டுமானம் செய்யலாம். எங்கள் கட்டடத்தில் பன்னிரண்டு வீடுகள். அவற்றில் ஐந்தில் முதியவர்கள் தனியாக இருக்கிறார்கள். அந்த ஐவரும் மறுக்கிறார்கள். பணம் அவர்கள் பிரச்சினை அன்று. இரண்டு மூன்று ஆண்டுகள் எங்கே போய் இருப்பது, எழுபத்தெட்டு வயதில் தனியாளுக்கு யார் வாடகைக்கு வீடு தருவார்கள், புது வீட்டுக்குத் திரும்பி வரும்வரை உயிரோடு இருப்போமா என்பதுதான் அவர்கள் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்வி, பதில் எங்களிடம் இல்லை. எனவே கட்டடத்தில் இருப்பவர்களின் வயது கூடக்கூட அது புதுப்பிக்கப்படாமல் மதிப்பிழக்கிறது. மைத்துனர் சொல்வது இந்த வகையில் சரியே.

ராயபுரம் ஆவணக்காரர்:

அம்மா எழுதியது அத்தனையும் உண்மை. பத்திரம் எழுதும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், இருவருமே தொடாத ஒன்றைச் சொல்கிறேன். வீட்டுக்காரர் இறந்துவிட்டால் வீடு சந்தைக்கு வந்துவிடும் என்று எல்லோரும் வைத்துக்கொள்கிறார்கள். வருவதில்லை. வட சென்னையில் அது பெரும்பாலும் வாரிசுகளிடம் வந்து நிற்கிறது, அங்கேயே நின்றுவிடுகிறது.

ஓர் இந்து ஆண் தாம் சம்பாதித்த வீட்டுக்கு உயில் எழுதாமல் இறந்தால், மனைவி, மகன்கள், மகள்கள், அவருடைய தாயார் உயிருடன் இருந்தால் தாயார் ஆகிய அனைவருக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குத் தமிழ்நாடு 1989லேயே உரிமை கொடுத்தது. 2005இல் நாடு முழுவதற்கும் அது சட்டமானது. அந்த உரிமைக்கு 2005இல் தகப்பனார் உயிருடன் இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. கிறித்தவக் குடும்பங்களுக்கும் இஸ்லாமியக் குடும்பங்களுக்கும் பங்குக் கணக்கு வேறு. ராயபுரத்தில் மூன்றையும் ஒரே வாரத்தில் எழுதுகிறோம். இங்கே இன்று எழுபது எண்பது வயதில் இருக்கும் தலைமுறைக்கு ஒன்று இரண்டு பிள்ளைகள் இல்லை, நான்கு ஐந்து பேர் என்பதையும் உங்கள் மைத்துனர் கவனிக்க வேண்டும். ஒற்றைப் பிள்ளைக் குடும்பம் அதற்கு அடுத்த தலைமுறையில்தான் வருகிறது.

ஒரு மாதிரி சொல்கிறேன். பழைய வண்ணாரப்பேட்டையில் முக்கால் கிரவுண்டு, அதாவது 1,800 சதுர அடி மனையில் ஒரு வீடு. கீழே இரண்டு ஒட்டுக்குடித்தனம், மேலே சொந்தக்காரர்கள், பின்பக்கம் இரும்புப் படிக்கட்டு. வாரிசுகள் ஆறு பேர். ஒரு மகன் அந்த வீட்டிலேயே இருந்து தாயைப் பார்த்துக்கொண்டவர். தமக்குக் கூடுதல் பங்கு வேண்டும் என்கிறார். ஒரு மகள் இறந்துவிட்டதால் அவருடைய கணவரும் இரண்டு பிள்ளைகளும் கையெழுத்திட வேண்டும். அதில் ஒரு பிள்ளைக்கு வயது பதினைந்து, ஆகவே நீதிமன்ற அனுமதி. இன்னொரு மகன் சிங்கப்பூரில்; அவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர், அதாவது தமக்காகக் கையெழுத்திட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம், எழுதி அனுப்பினால், அது இங்கே வந்து மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் முத்திரைத் தீர்வை கட்டப்பட வேண்டும். கீழே குடியிருப்பவர்களில் ஒருவர் போகியத்துக்கு, அதாவது மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல், இருக்கிறார். அவருக்குத் திருப்பித் தர வேண்டிய தொகையைத் தகப்பனார் எப்போதோ செலவழித்துவிட்டார். மூலப் பத்திரத்தை 1980களில் யாரிடமோ அடகு வைத்ததாகக் குடும்பத்தில் ஒரு பேச்சு இருக்கிறதே தவிரப் பத்திரம் இல்லை. இதில் யார் மீதும் குற்றமில்லை, எல்லோரும் நல்லவர்கள். ஆனாலும் அந்த வீடு விற்பனைக்கு வர எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று நீங்களே கணக்கிடுங்கள். இதில் ஒருவர் பாகப்பிரிவினை வழக்குப் போட்டுவிட்டால், அந்தக் கணக்கையும் மறந்துவிட வேண்டியதுதான்.

உயில் எழுதினால் போதாதா என்று கேட்கலாம். சென்னை நகரத்துச் சொத்தைப் பற்றிய உயிலுக்கு உயர் நீதிமன்றத்தில் புரொபேட், அதாவது உயில் மெய்யானது என்ற சான்று, வாங்க வேண்டும் என்ற விதி நெடுங்காலம் இருந்துவந்ததால், அந்தச் செலவுக்கும் தாமதத்துக்கும் அஞ்சியே இங்கே பலர் உயிலை ஒதுக்கிவிட்டு உயிருடன் இருக்கும்போதே சொத்தைக் குடும்பத்தார் பெயருக்கு மாற்றும் செட்டில்மெண்ட் எழுதப் பழகினார்கள். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கும், தம் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்துக்கும் முத்திரைத் தீர்வை மதிப்பில் 1 சதவீதம், 2023 ஜூலை முதல் அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். வெளியாருக்கு விற்றால் வாங்குபவர் 7 சதவீதம் முத்திரையும் 2 சதவீதம் பதிவுக் கட்டணமும் கட்ட வேண்டும். குடும்பத்துக்குள் கைமாறுவதற்குச் சில ஆயிரம், வெளியே போவதற்குப் பல லட்சம் என்று இருக்கும்போது, வீடு அண்ணனிடமிருந்து தம்பிக்குத்தான் போகும்.

எழுதிக் கொடுத்தால் பிள்ளைகள் கைவிட்டுவிடுவார்களோ என்ற அச்சமும் முதியவர்களிடம் இருக்கிறது. பராமரிப்போம் என்ற நிபந்தனையோடு எழுதி வாங்கிய பிள்ளை கவனிக்காமல் விட்டால், 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி அந்தப் பத்திரத்தையே செல்லாததாக்கலாம். ஆகவே பத்திரத்தில் அந்த நிபந்தனையை எழுதச் சொல்லி நான் வற்புறுத்துவது வழக்கம். பல பெரியவர்கள் "பிள்ளை மனம் நோகும், வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறார்கள். பிறகு எழுதாமலே போய்விடுகிறார்கள்.

கொளத்தூர் பில்டர்:

சுருக்கமாக என் பங்கு. முதியவர்களின் தனி வீடுகள் எங்களிடம்தான் வருகின்றன, ஆனால் வீடாக அல்ல, மனையாக. 2019இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் தளப்பரப்புக் குறியீடு 1.5இலிருந்து 2 ஆனது. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில் 4,800 சதுர அடி கட்டலாம். மனை அவர்களுடையது, கட்டுமானச் செலவு எங்களுடையது என்ற ஜாயிண்ட் வென்ச்சரில் பாதிக்குப் பாதியோ அறுபதுக்கு நாற்பதோ பிரித்துக்கொள்கிறோம். பெரியவருக்கு லிஃப்ட் உள்ள புது வீடு, பிள்ளைக்கு ஒன்று, கையில் கொஞ்சம் பணம். எனவே கொளத்தூர், பெரியார் நகர், பெரம்பூர் பகுதிகளில் அகலமான தெருவில் நிற்கும் பழைய வீட்டின் விலை இறங்காது. இறங்கினால் அன்றே நான்கு பில்டர்கள் வாசலில் நிற்பார்கள். இப்படி ஒரு வீடு இருந்த இடத்தில் ஐந்து வீடுகள் வருவதால், அடுக்கக விலை ஏறும் வேகம் மட்டுப்படும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதுவும் விலை குறைவதுதான், ஒரு வகையில்.

தெருவின் அகலம் போதாவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. பத்தடிச் சந்தில் அத்தனை வீடுகளுக்கு அனுமதி கிடைக்காது, கலவை லாரி நுழையாது, பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருந்தால் இடிக்கவே அண்டை வீட்டாரின் சம்மதம் கெஞ்ச வேண்டும். அந்த வீடுகளை நாங்கள் தொடுவதில்லை.

தண்டையார்பேட்டை வாடகைவாசி:

அனைவருக்கும் நன்றி. இரண்டு சந்தேகங்கள். ஜப்பானில் வீடுகளை இலவசமாகவே கொடுப்பதாகக் காணொளிகள் பார்க்கிறோமே, நம்முடைய கதியும் ஒரு நாள் அதுதானா? அடுத்து, பில்டர் ஐயா சொன்ன வகையிலேயே ஒரு வீடு எனக்கு வந்திருக்கிறது: ராயபுரத்தில் பத்தடிச் சந்தில் 600 சதுர அடி மனை, நாற்பது வருடத்துத் தளம் போட்ட வீடு, கேட்கும் விலை அடுக்ககத்தைவிடக் கணிசமாகக் குறைவு. விற்பவர்கள் நான்கு வாரிசுகள். அதில் மூவர் தயார் என்கிறார் தரகர்.

பெரம்பூர் பழைய வங்கிக்காரன்:

ஜப்பானில் 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 90 லட்சம் வீடுகள் காலியாகக் கிடக்கின்றன. மொத்த வீடுகளில் அது 13.8 சதவீதம். ஆனால் அதே 2023இல் டோக்கியோவின் 23 வார்டுகளில் புதிய அடுக்ககத்தின் சராசரி விலை 10 கோடி யென்னைத் தாண்டியது. வேலை இல்லாத ஊரில் வீடு இலவசம், வேலை உள்ள ஊரில் வீடு எட்டாக்கனி. தென் கொரியாவில் பிறப்பு விகிதம் 2023இல் 0.72க்கு விழுந்தும் சியோலில் வீடு வாங்க இளைஞர்கள் திணறுகிறார்கள். ஜப்பானில் காலியாகும் வீட்டை வைத்திருப்பதற்கும் ஒரு காரணம் உண்டு: குடியிருப்பு நிற்கும் சிறுமனைக்கு நிலவரி ஆறில் ஒரு பங்காகக் குறைக்கப்படுவதால், பாழடைந்த வீட்டை இடிக்காமல் விட்டுவைப்பதே லாபம். வாரிசுகள் பெயர் மாற்றாமலே விட்ட நிலங்கள் பெருகிப் போய், 2024 ஏப்ரல் முதல் மூன்று ஆண்டுக்குள் பெயர் மாற்றுவதைக் கட்டாயமாக்கினார்கள். ஆவணக்காரர் சொன்ன கதையேதான்.

நம் மாநிலத்தில் அந்த நிலையைத் தேடுவதானால் செட்டிநாட்டுக்கும் கும்பகோணத்து அக்ரகாரங்களுக்கும் போய்ப் பாருங்கள்; ராயபுரத்தில் தேடாதீர்கள். சென்னையில் பிறப்பவர்கள் குறைந்தாலும், தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வருபவர்கள் நிற்கும்வரை நகரத்துக்குள் வாடகைக்கு ஆள் இருக்கும். வாடகைக்கு வருபவர்கள் எல்லோரும் வாங்கும் வசதி படைத்தவர்கள் அல்லர் என்பதால், விலை ஏறாமல் வாடகை மட்டும் ஏறும் காலம் ஒன்று வரக்கூடும் என்பது என் ஊகம். அதில் உங்களுக்கு என்ன லாபம் என்பதையும் யோசியுங்கள், தம்பி.

திருவொற்றியூர்க்காரி:

அடுக்ககமே வாங்குவதானால் பத்து வயதுக்கு உட்பட்ட கட்டடமாக, லிஃப்ட் உள்ளதாக, பிரிக்கப்படாத பங்கு வீட்டுப் பரப்பில் பாதிக்குக் குறையாததாகப் பாருங்கள். இன்று 65 லட்சம் கொடுக்கும் வீட்டை நீங்கள் விற்கும்போது உங்களுக்கே அறுபது வயதாகியிருக்கும். அப்போது கட்டடத்துக்கு மதிப்பிருக்காது, உங்கள் பெயரில் உள்ள மண்ணுக்குத்தான் இருக்கும். மழைக்காலத்தில் ஒரு முறை நேரில் போய்த் தெருவில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்றும் பார்த்துவிடுங்கள். 2023 மிக்ஜாம் புயலில் புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் கொளத்தூரிலும் கீழ்வீடுகள் பட்ட பாடு எந்த விளம்பரத்திலும் வராது.

ராயபுரம் ஆவணக்காரர்:

ராயபுரத்து வீட்டைப் பற்றி. மூவர் தயார் என்றால் நான்காமவர் தயாரில்லை என்று பொருள். அந்த விலைக்குறைப்பு பெரும்பாலும் அவருக்காகத்தான். மூன்று பேரின் முக்கால் பங்கை மட்டும் எழுதித் தருகிறோம், மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தரகர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பிரிக்கப்படாத பங்கை வாங்கியவர் வீட்டுக்குள் குடிபோக முடியாது, பாகப்பிரிவினை வழக்குத்தான் போட முடியும். வங்கியும் கடன் தராது.

வட்டாட்சியர் கொடுத்த வாரிசுச் சான்றை வாங்கிப் பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். இறந்தவருக்கு முன்பே இறந்துபோன பிள்ளைகளின் குடும்பம் சில சான்றுகளில் விடுபட்டுப் போகிறது. வில்லங்கச் சான்றை முப்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் போட்டுப் பாருங்கள். நகர நில அளவைப் பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால், பெயர் மாற்றியபின் பேசலாம் என்று சொல்லுங்கள். வாரிசுகளில் யாராவது வெளிநாட்டில் வசித்தால், வாங்குபவராகிய நீங்கள் அவருக்குத் தரும் பணத்திலிருந்து பிடித்துக் கட்ட வேண்டிய வரி, உள்நாட்டுக்காரருக்கான 1 சதவீதத்தைவிடப் பல மடங்கு. அதைப் பிடிக்காமல் விட்டால் வருமான வரித்துறை உங்களிடம்தான் வரும். இவை அனைத்தும் சரியாக இருந்து, நான்கு பேரும் ஒரே நாளில் சார்பதிவாளர் முன் வந்து கையெழுத்திடச் சம்மதித்தால், நீங்கள் குடியிருப்பதற்கு அந்த வீடு மோசமில்லை. விலையில் மேலும் இரண்டு லட்சம் குறைத்துக் கேளுங்கள். சந்து வீட்டுக்கு வேறு ஆள் வருவது அபூர்வம் என்பது அவர்களுக்கும் தெரியும்.